புதிர் போட்டவரின் பொறுப்பு

ஒருவரிடம் ஒரு புதிரைச் சொல்லும்போது அவருடைய நேரத்தில் ஒரு பகுதியை நாம் கேட்டு வாங்குகிறோம். நாம் சொன்ன நிபந்தனைகளை மட்டுமே நம்பி, வேறெந்த உதவியும் இல்லாமல், தன் அறிவைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர அவர் முயல்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தக்கபடி நடந்துகொள்வது புதிர் போட்டவரின் பொறுப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பல ஆண்டுகளாக வீட்டிலும் நண்பர்கள் கூடும் இடங்களிலும் புதிர்களைச் சொல்லியும் கேட்டும் வருகிறேன். நல்ல புதிர் ஒன்று வீணாவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது சொன்னவரின் அவசரம்தான். கேட்டவர் யோசிக்கத் தொடங்கிய அரை நிமிடத்திலேயே "சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுகிறோம். அவர் சற்றுத் தயங்கினால் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். "ஓ, அப்படியா" என்று அவரும் தலையாட்டுகிறார். அத்துடன் அந்தப் புதிர் அவரைப் பொறுத்தவரை முடிந்துபோகிறது. விடை தெரிந்துவிட்ட புதிரை யாராலும் மறுபடியும் முதல் முறையாக அவிழ்க்க முடியாது.

நான் இங்கே பேசுவது தருக்கப் புதிர்களைப் பற்றி. விடுகதை வேறு வகை. அதில் ஒரு பொருளை இன்னொன்றாக உருவகித்து மறைத்து வைத்திருப்பார்கள். அந்த ஒப்புமை பிடிபட்டால் விடை கிடைக்கும், பிடிபடாவிட்டால் கிடைக்காது. அதன் அழகு தனி. ஆனால் படிப்படியாக நடந்துபோய் விடையை அடையும் பாதை அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. தருக்கப் புதிரிலோ விடைக்குத் தேவையான அனைத்தும் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. நினைவாற்றலோ படிப்போ பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பள்ளிச் சிறுமியும் ஓய்வுபெற்ற பொறியாளரும் ஒரே புதிரின் முன் ஏறக்குறையச் சமமாக உட்கார முடிவது அதனால்தான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்கலாம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் படகில் ஆற்றைக் கடத்த வேண்டும். படகில் அவனோடு ஒன்றுக்குத்தான் இடம். அவன் அருகில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். ஐரோப்பாவில் இது ஓநாய், ஆடு, முட்டைகோஸ் என்று வழங்குகிறது. கி.பி. 804-இல் மறைந்த அல்குயின் என்ற அறிஞருடையதாகக் கருதப்படும் லத்தீன் கணக்குத் தொகுப்பு ஒன்றில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நடுவே இது இடம்பெற்றிருக்கிறது. இளைஞர்களின் அறிவைக் கூர்மையாக்குவதற்கான கணக்குகள் என்பதே அந்தத் தொகுப்பின் தலைப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லியே இந்தப் புதிர் நம் கைக்கு வந்திருக்கிறது.

இதைப் புதிதாகக் கேட்கும் குழந்தை எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதலில் ஆட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பதை விரைவில் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் வேறெதைக் கொண்டுபோனாலும் இந்தக் கரையில் சண்டை. அடுத்துப் புலியையோ புல்லையோ கொண்டுபோனால் அந்தக் கரையில் ஆட்டோடு சேர்த்து விட்டுவிட்டுத் திரும்ப முடியாது. இங்கேதான் தடை. ஒருமுறை கரை சேர்த்துவிட்ட ஆட்டை மறுபடியும் படகில் ஏற்றிப் பழைய கரைக்கே கொண்டுவரலாம் என்பது எந்த விதியாலும் தடுக்கப்படவில்லை. ஆனால் மனம் அதைத் தானாகவே தடுத்துவிடுகிறது, முன்னேறிய காரியத்தைப் பின்னுக்கு இழுப்பதாக அது தோன்றுவதால். ஏழு முறை ஆற்றைக் கடக்கும் அந்த விடையில் உண்மையில் ஒரே ஓர் அடிதான் கடினமானது. புதிர் போட்டவர் அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிட்டால், ஒரு மனிதர் தன் மனத்தின் சொந்த வேலியைத் தானே கண்டுபிடித்து உடைக்கும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்துவிடுகிறார். "நான் சொல்லாத விதி எதையாவது நீயாகச் சேர்த்துக்கொண்டாயா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

அதே கேள்வி இன்னொரு புதிரிலும் உதவும். இரவில் நான்கு பேர் ஒரு பழைய பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போக முடியாது. கையில் இருப்பது ஒரே விளக்கு. விளக்கில்லாமல் யாரும் நடக்க முடியாது, அதை வீசி எறியவும் கூடாது. தனித்தனியே அவர்கள் கடக்க ஆகும் நேரம் 1, 2, 5, 10 நிமிடங்கள். இருவர் சேர்ந்து போனால் மெதுவானவரின் வேகம்தான். எல்லோரும் கடக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம்? ஏறக்குறைய எல்லோருமே முதலில் 19 என்பார்கள். வேகமானவர் ஒவ்வொருவராக அழைத்துப்போய் விட்டுவிட்டு விளக்கோடு திரும்பி வருகிறார்: 10, 1, 5, 1, 2. இதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. விளக்கைத் திருப்பிக் கொண்டுவருவது எப்போதும் வேகமானவராகவே இருக்க வேண்டும் என்ற சொல்லப்படாத எண்ணம் மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது. இந்த இடத்தில் "தவறு" என்று சொல்லிவிடுவது பெரும் இழப்பு. 19 சொன்னவரிடம் "உங்கள் நேரத்தை அதிகம் தின்பது எது?" என்று நான் கேட்பேன். 10-உம் 5-உம் என்பார். அவை இரண்டும் தனித்தனியே செலவாக வேண்டுமா என்ற கேள்வி அடுத்து அவருக்குள்ளேயே எழும். மெதுவான இருவரும் சேர்ந்து போனால் 5 நிமிடம் மிச்சம். ஆனால் அக்கரையில் அவர்களுக்கு முன்பே ஒருவர் விளக்கைத் திருப்பிக் கொண்டுவரக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து 17-க்கு வருவது நேர்வழி: முதலில் 1-உம் 2-உம் போகிறார்கள், 1 திரும்புகிறார், 5-உம் 10-உம் போகிறார்கள், 2 திரும்புகிறார், கடைசியில் 1-உம் 2-உம் மறுபடியும் போகிறார்கள்.

ஆகவே தவறான விடையை முழுதாகக் கேட்க வேண்டும். "சரி", "தப்பு" என்ற ஒற்றைச் சொற்களோடு நிறுத்திக்கொள்பவர் ஒரு பூட்டின் வேலையைத்தான் செய்கிறார். எப்படி அந்த விடைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், சரியான விடையையே வேறு பாதையில் நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவரும். சில நேரங்களில் சொல்கிறவர் பாதி விளக்கத்திலேயே நிறுத்தி, "இல்லை, இருங்கள், இது சரிவராது" என்று தானே திருத்திக்கொள்வார். அந்தக் கணத்தைப் பார்ப்பதற்காகவே எத்தனை நேரம் வேண்டுமானாலும் வாயைத் திறக்காமல் காத்திருக்கலாம்.

காத்திருப்பதைப் பற்றி ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜேனட் மெட்கால்ஃப் என்ற உளவியலாளர் டேவிட் வீபுடன் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களிடம் 15 விநாடிகளுக்கு ஒருமுறை விடையை எவ்வளவு நெருங்கிவிட்டதாக உணர்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். இயற்கணிதக் கணக்குகளில் அந்த உணர்வு படிப்படியாக உயர்ந்தது. பளிச்சென்று தோன்ற வேண்டிய புதிர்களில் அப்படி உயரவில்லை. விடை கிடைக்கும் நேரம் வரை ஒன்றும் புலப்படாதவர்களாகவே இருந்துவிட்டுச் சட்டென்று விடையைக் கண்டார்கள். இதைப் படித்தபின் "எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை" என்று ஒருவர் சொல்வதை நான் தோல்வியின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் விடைக்கு அரை நிமிடத் தொலைவில் இருக்கலாம். அது அவருக்கே தெரியாது. கைவிடுவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும் என்பதில்லை. புதிரைத் தூங்கவைத்துவிட்டு மறுநாள் காலையில் விடையோடு வருபவர்கள் உண்டு.

துப்புக் கொடுப்பது தனிக் கலை. விடையின் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பது நல்ல துப்பு ஆகாது. எந்தத் திசையில் பார்த்தால் வழி தெரியும் என்று காட்டுவதே துப்பு. இதற்கு என் மனத்துக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு பன்னிரண்டு நாணயப் புதிர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் 12 நாணயங்களில் ஒன்று போலி. அது மற்றவற்றைவிடக் கனமானதா, இலேசானதா என்று தெரியாது. இரண்டு தட்டுத் தராசை மூன்றே முறை பயன்படுத்திப் போலி எது என்றும், அது கனமா இலேசா என்றும் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பெரும்பாலோர் ஆறுக்கு ஆறு வைக்கலாம் என்பார்கள். சிலர் மூன்றுக்கு மூன்று என்பார்கள். நான்குக்கு நான்கு வை என்று சொல்லிவிட்டால் அது விடையின் துண்டு. அதைப் பெற்றவருக்கு ஏன் நான்கு என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம்.

நான் கொடுக்கும் துப்பு ஒரு கேள்விதான்: "தொடங்கும்போது மொத்தம் எத்தனை விதமான உண்மைகள் சாத்தியம்?" பன்னிரண்டு நாணயங்களில் எதுவும் போலியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் கனமாகவோ இலேசாகவோ இருக்கலாம், ஆக 24. அடுத்த கேள்வி: "ஒருமுறை நிறுத்தால் எத்தனை விதமான முடிவுகள் வரலாம்?" இடது தாழலாம், வலது தாழலாம், சமமாக நிற்கலாம், மூன்று. அப்படியானால் இரண்டு முறை நிறுத்தால் 9, மூன்று முறைக்கு 27. முதல் நிறுவைக்குப் பிறகு மீதமிருப்பது இரண்டே நிறுவைகள் என்பதால், எந்த முடிவு வந்தாலும் கையில் 9 சாத்தியங்களுக்கு மேல் மிஞ்சக் கூடாது. ஆறுக்கு ஆறு வைத்தால் ஒரு பக்கம் கட்டாயம் தாழும், 12 சாத்தியங்கள் மிஞ்சும், ஆகாது. ஐந்துக்கு ஐந்து வைத்துத் தட்டு சாய்ந்தால் 10, அதுவும் ஆகாது. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமாக நின்றால் வெளியே இருக்கும் ஆறு நாணயங்களால் 12, ஆகாது. நான்குக்கு நான்கு வைத்தால் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் சரியாக 8. ஒரு நாணயத்தைக்கூடத் தொடாமல் முதல் அடி தீர்மானமாகிவிடுகிறது. இதைத் தானே எண்ணிக் கண்டவர் இரண்டாம் நிறுவையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார், சாய்ந்த தட்டிலிருந்து சில நாணயங்களை எதிர்த் தட்டுக்கு மாற்றிப் பார்க்கும் துணிச்சலும் அவருக்கு அங்கேதான் வரும். மேற்கொண்டு இதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை; தெரியாதவர்களுக்கு அந்த மகிழ்ச்சி மிச்சமிருக்கட்டும்.

இதுவரை சொன்னது ஒருவர் போட இன்னொருவர் அவிழ்ப்பதைப் பற்றி. பலர் கூடி அவிழ்ப்பதில் வேறொன்று நிகழ்கிறது. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட நான்கு அட்டைப் புதிர் அதைத் தெளிவாகக் காட்டும். தமிழுக்கு ஏற்றபடி நான் அதை இப்படிச் சொல்வது வழக்கம். மேசைமேல் நான்கு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவன: ஆ, ம், 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையா என்று சோதிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்?

பெரும்பாலோர் ஆ மட்டும் என்பார்கள், அல்லது ஆ, 4 என்பார்கள். சரியான விடை ஆ, 7. தனியாக யோசிப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் சரியாகச் சொல்வதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு. டேவிட் மாஷ்மன், மாலி கைல் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாகவும், ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகவும் இதை அவிழ்க்கச் சொன்னார்கள். தனியாக முயன்றவர்களில் 9 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். குழுக்களில் 75 விழுக்காடு சரியான விடையை அடைந்தன. கெட்டிக்காரர் ஒருவர் இருந்து மற்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அந்த வேறுபாடு பெரியது.

அது எப்படி நிகழ்கிறது என்பதை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருவர் "4-ஐத் திருப்பத்தான் வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "திருப்பினால் அங்கே ம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது என்ன ஆகும்?" என்கிறார். முதலாமவர் சற்று யோசித்து, "ஒன்றும் ஆகாது. மெய்யெழுத்துக்குப் பின்னால் இரட்டை எண் வரக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே" என்கிறார். "அப்படியென்றால் 4-ஐத் திருப்பி என்ன பயன்?" மேசையில் அமைதி. மூன்றாமவர், அதுவரை பேசாதிருந்தவர், "7-க்குப் பின்னால் ஒரு உயிரெழுத்து இருந்துவிட்டால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமே" என்கிறார். அவ்வளவுதான். தன் கருத்துக்குத் துணைநிற்கும் சான்றைத் தேடுவதில் மனித மனம் தனியாக இருக்கும்போது வேகம் காட்டுகிறது; எதிர்ச்சான்றைத் தேடச் சோம்பல் படுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கோ நம் கருத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே நாம் தேடாத எதிர்ச்சான்றை அவர் தேடிக் கொடுத்துவிடுகிறார். ஒருவர் கருத்தை ஒருவர் காரணம் கேட்டு மறுக்கத் தயங்காத கூட்டமாக இருந்தால்தான் இது நடக்கும். மூத்தவர் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு கூடாது என்ற கூட்டத்தில் புதிர் போடுவதில் பொருளில்லை.

கூட்டமாக அவிழ்க்கும்போது விடை ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவர் இருந்துவிடுவதும் உண்டு. "எனக்குத் தெரியும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு ஒதுங்கி இருப்பதே அவர் செய்யக்கூடிய நல்ல காரியம். வேகமாக அவிழ்த்துவிட்டவரும் அப்படியே. நான் ஒரு தாளைச் சுற்றில் விடுவேன். விடை கண்டவர் அதில் எழுதி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். சத்தமாகச் சொல்லிவிட்ட ஒரு விடை அறையில் இருக்கும் அத்தனை பேரின் யோசனையையும் ஒரே நொடியில் நிறுத்திவிடும்.

புதிரைச் சொல்லும் விதத்தில் பிழை இருந்தால் மேலே சொன்ன எதனாலும் பயனில்லை. மூன்று கதவுப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னே கார், மற்ற இரண்டின் பின்னே ஆடுகள். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நிகழ்ச்சி நடத்துபவர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்து ஆட்டைக் காட்டிவிட்டு, தேர்வை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். ஸ்டீவ் செல்வின் 1975-இல் ஒரு புள்ளியியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதை முன்வைத்தார். 1990-இல் மரிலின் வாஸ் சவான்ட் தம் பத்திரிகைப் பகுதியில் மாற்றிக்கொள்வதே நல்லது, வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டாகிவிடும் என்று எழுதியபோது ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கு நெருக்கமானவை முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்து. பலர் அவரைக் கடுமையாகச் சாடியிருந்தார்கள். அவர் சொன்னதே சரி.

ஆனாலும் இந்தப் புதிரைச் சொல்கிறவர் ஒன்றைத் தவறாமல் சொல்லியாக வேண்டும்: நடத்துபவருக்குக் கார் எங்கே என்று தெரியும், அவர் ஒவ்வொரு முறையும் கட்டாயம் ஆடு இருக்கும் கதவையே திறப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் திறந்து, தற்செயலாக அங்கே ஆடு இருந்தது என்றால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வாய்ப்புப் பாதிப் பாதிதான். கண்முன் நிகழ்ந்தது இரண்டிலும் ஒன்றே, விடை வேறு. இந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சொன்னால் பாதி என்று பிடிவாதம் பிடிப்பவரை மறுக்க நமக்கு உரிமையில்லை. கேட்பவர் "நடத்துபவருக்குத் தெரியுமா?" என்று கேட்டால் நான் மகிழ்ந்துபோவேன், அவர் புதிரின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார் என்று பொருள்.

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் எண்வரிசைப் புதிர்கள் மேல் எனக்கு மனக்குறை இருப்பதும் இதனால்தான். 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன? 32 என்பது இரட்டிப்பு. ஆனால் ஒரு வட்டத்தின்மேல் புள்ளிகளைக் குறித்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோடுகளால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டுகளாகப் பிரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16, ஆறு புள்ளிகளுக்கு 31. இரண்டு வரிசைகளுமே நியாயமானவை. விதியைச் சொல்லாமல் அடுத்த எண்ணைக் கேட்பது, புதிர் போட்டவர் மனத்தில் இருப்பதை ஊகிக்கச் சொல்வதாகிவிடுகிறது. 2019-இல் எங்கும் பரவிய 8 ÷ 2(2+2) என்ற கணக்கும் அப்படியே. 16 என்போரும் 1 என்போரும் சண்டையிட்டது எழுதும் முறையைப் பற்றியே தவிரத் தருக்கத்தைப் பற்றி அன்று. "அறிவாளிகளால் மட்டுமே முடியும்" என்று மேலே போட்டு வருபவற்றை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. யோசிக்க உட்காரும் ஒருவரை முதல் வரியிலேயே பயமுறுத்துவது நல்ல வரவேற்பு ஆகாது.

இவற்றையெல்லாம்விட என்னை ஆட்கொண்டவை, மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதையே தரவாகக் கொண்ட புதிர்கள். 2015-இல் சிங்கப்பூரின் கணித ஒலிம்பியாட் போட்டி ஒன்றிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய ஷெரிலின் பிறந்தநாள் கணக்கு பலருக்கும் நினைவிருக்கும். பத்துத் தேதிகள்; ஒருவருக்கு மாதம் மட்டும் தெரியும், இன்னொருவருக்கு நாள் மட்டும் தெரியும்; "எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்" என்று ஒருவர் சொல்ல, அந்த அறியாமையிலிருந்தே விடை பிறக்கும். பத்து வயதுக் குழந்தைகளுக்கான கேள்வி என்று முதலில் பரவியதால் பெற்றோர் பலர் கலங்கிப்போனார்கள். உண்மையில் அது உயர்நிலை வகுப்புகளில் படிக்கும் திறமையான மாணவர்களுக்கானது.

இந்த வகையில் நேரிலேயே நடத்திப் பார்க்கக்கூடியது நெற்றித் தாள் புதிர். மூன்று பேரை வட்டமாக உட்காரவைத்து, கண்களை மூடச் சொல்லி, ஒவ்வொருவர் நெற்றியிலும் கறுப்பு அல்லது வெள்ளைத் தாளை ஒட்ட வேண்டும். கண்களைத் திறந்தால் மற்ற இருவரின் தாளைப் பார்க்கலாம், தன்னுடையதைப் பார்க்க முடியாது. "உங்களில் ஒருவருக்காவது கறுப்பு" என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் "உங்கள் நிறம் உறுதியாகத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று கேட்க வேண்டும். மூவருக்குமே கறுப்பு ஒட்டியிருந்தால் என்ன ஆகும்?

என் அக்காளின் மகளையும் அவளுடைய தோழிகள் இருவரையும் வைத்து இதை நடத்தினேன். முதல் சுற்றில் யாரும் கையைத் தூக்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. தோழிகள் இருவரும் சலிப்போடு என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் எதிரே இருந்த இரண்டு நெற்றிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தானே, சித்தி?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் சுற்றில் அவள் கை உயர்ந்தது. எப்படி என்று தோழிகள் கேட்க, அவளே எடுத்துச் சொன்னாள். ஒருத்திக்கு மட்டும் கறுப்பு என்றால் அவள் எதிரே இரண்டு வெள்ளையைப் பார்த்து முதல் சுற்றிலேயே கையைத் தூக்கியிருப்பாள். இருவருக்கு மட்டும் கறுப்பு என்றால், ஒவ்வொருத்தியும் ஒரு கறுப்பைத்தான் பார்ப்பாள். நான் வெள்ளையென்றால் அவள் முதல் சுற்றிலேயே தூக்கியிருக்க வேண்டுமே, தூக்கவில்லை, ஆகவே நானும் கறுப்பு என்று இரண்டாம் சுற்றில் இருவரும் தூக்கியிருப்பார்கள். இரண்டாம் சுற்றிலும் கை எழவில்லை. "அப்படியானால் என்னுடையதும் கறுப்பு."

இந்தப் புதிரில் இன்னும் ஆழமான இடம் ஒன்று உண்டு, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. மூவரும் கறுப்பு என்றால், ஒவ்வொருவரும் ஏற்கெனவே எதிரே இரண்டு கறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே "ஒருவருக்காவது கறுப்பு" என்ற அறிவிப்பு யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனால் அந்த அறிவிப்பைச் செய்யாமல் எத்தனை சுற்றுக் கேட்டாலும் எவர் கையும் உயராது. அது முன்பே எல்லோருக்கும் தெரியும்; மற்றவர்களுக்கும் அது தெரியும் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்குப் பிறகு, அதற்கு மேலும் ஒரு படி, மற்றவருக்கு அது தெரியும் என்பதை இன்னொருவர் அறிவார் என்பதும் ஒவ்வொருவருக்கும் உறுதியாகிவிடுகிறது. முதல் சுற்றின் மௌனத்துக்குப் பொருள் வருவது அதனால்தான். தனியாகத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு இது வெறும் சொல்விளையாட்டாகத்தான் பட்டது. மூன்று பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த வாக்கியம் அறையில் எதை மாற்றியது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

படிப்பவர்கள் நண்பர்களோடு நடத்திப் பார்க்க இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிரை நிபந்தனை எதையும் விடாமல் இங்கே தருகிறேன். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் கறுப்பு அல்லது வெள்ளைத் தொப்பி. எந்த நிறம் எத்தனை என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை, எல்லாமே ஒரே நிறமாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருக்கும் எல்லோருடைய தொப்பியையும் பார்க்கலாம். தன்னுடையதையும் பின்னால் இருப்பவர்களுடையதையும் பார்க்க முடியாது. கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி முறையே ஒவ்வொருவரும் "கறுப்பு", "வெள்ளை" என்ற இரண்டு சொற்களில் ஒன்றை ஒரே முறை, ஒரே குரலில் சொல்ல வேண்டும். குரல் ஏற்ற இறக்கத்தாலோ இடைவெளியாலோ செய்தி அனுப்பக் கூடாது. சொல்வது எல்லோர் காதிலும் விழும். தன் நிறத்தைச் சரியாகச் சொன்னவர் வெற்றி பெறுகிறார். தொப்பி அணிவதற்கு முன் பத்துப் பேரும் கூடிப் பேசி ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளலாம். தொப்பிகள் எப்படி அமைந்தாலும், உறுதியாக எத்தனை பேரை வெற்றிபெறச் செய்ய முடியும்?

இருவர் இருவராகப் பிரிந்து, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் நிறத்தைச் சொல்லிவிடுவது என்ற திட்டம் விரைவில் தோன்றும். அது ஐந்து பேரை உறுதி செய்யும். ஐந்தைவிட மிக நன்றாகச் செய்யலாம். பத்துப் பேர் அதிகமாகத் தோன்றினால் மூன்று பேரை நிறுத்திப் பாருங்கள், கடைசியில் நிற்பவர் சொல்லும் ஒற்றைச் சொல்லால் அவருக்கு முன்னால் இருக்கும் இருவருக்குமே எப்படி உதவலாம் என்று அவர்களையே பேசி முடிவு செய்ய விடுங்கள்.